காத்திருக்கச் சொன்ன குரல்

சீரியல் தொடங்குவதற்கு முன்னால் வரும் சோப்பு விளம்பரத்தின்போதுதான் ஜில்வானியா அதைப் பார்த்தாள். திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னச் சிவப்புப் பொட்டு. முழு வட்டம் இல்லை, இடது பக்கம் கொஞ்சம் நசுங்கின வட்டம். அதை வரைந்தவள் பேருந்தில் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு வரைந்தாள். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் கோடு உள்ளே போய்விட்டது. பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விட்டாள். ஆராய்ச்சி மாணவர்கள் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைக்கிற வேலைகளை அடுக்கினால் இன்னொரு பல்கலைக்கழகமே கட்டலாம். வரைந்தவள் ஜில்வானியாதான்.

அந்தப் பொட்டு எந்தத் தொலைக்காட்சி நிலையத்திலிருந்தும் வருவதில்லை. ஆய்வுக்கூடம் செய்த பெட்டியைப் பொருத்திய டிவிகளில் மட்டும்தான் அது தெரியும். அந்தப் பெட்டிகள் ஆய்வுக்கூடத்து அலமாரியில் தூசி தின்றுகொண்டிருக்கின்றன. ஒன்று மட்டும் அலமாரிக்குத் திரும்பவே இல்லை. அவளுடைய வாடகை வீட்டில் பெட்டி எதுவும் கிடையாது.

ரிமோட்டை எடுத்து அணைத்தாள். படம் போனது. பொட்டு மட்டும் கறுப்பின் மேல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனது. கண்ணில் ஒட்டிக்கொண்ட வெளிச்சம், வேறொன்றுமில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொறியியல் படித்தவர்களிடம் எதற்கும் ஒரு விளக்கம் தயாராக இருக்கும்.

வெளியே புனித யோவான் திருநாளின் முன்சாயங்காலம். கோயில் மணி ஆறு அடித்து ஓய்ந்திருந்தது, ஜூன் மாதத்து மழை விட்டும் விடாமலும் கூரை விளிம்புகளில் சொட்டிக்கொண்டிருந்தது, தெருவில் வீட்டுக்கு வீடு விறகை அடுக்கி, ஈரத்தில் பிடிக்காத விறகைத் திட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள், யாரோ ஒருவர் அக்கார்டியனை இழுத்து ஒரே துண்டை மறுபடி மறுபடி வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார், சுட்ட சோளத்தின் வாசனையும் பச்சை விறகின் புகையும் ஒன்றாகக் கலந்து சன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தன. ஜில்வானியா சன்னலை இழுத்துச் சாத்தினாள். புகை அதற்கெல்லாம் அசரவில்லை. போன வருஷத்திலிருந்து அவள் சுட்ட சோளம் தின்பதில்லை.

தரை சில்லிட்டிருந்தது. மஞ்சள் காலுறையை மாட்டிக்கொண்டு, கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து, ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தைத் திறந்தாள். அடுத்த மாதம் ஐந்து பேராசிரியர்களுக்கு முன்னால் அதைப் படித்து, கேள்விக்குப் பதில் சொல்லி, பட்டம் வாங்க வேண்டும். தலைப்பே அரைப் பக்கம். சுருக்கமாகச் சொன்னால், தனியாக வாழும் முதியவர்களோடு டிவியே பேசினால் எப்படி இருக்கும் என்பதுதான் விஷயம். கையில் ஒரு ஃபோன், அதில் நாலு பெரிய நிறப் பொத்தான்கள். டிவியில் பூப்போட்ட தலைத்துணி கட்டிய ஒரு சித்திரப் பெண். மருந்து சாப்பிட்டாயா என்று கேட்பாள், வானிலை சொல்வாள், வம்பும் பேசுவாள். சிவப்பை அழுத்தினால் உடனே வருவாள். அவளுக்குக் கொமாத்ரி என்று பெயர் வைத்தார்கள். அந்த வட்டாரத்தில் பிள்ளைக்கு ஞானத்தாயாக நிற்பவளையும், அந்த அளவுக்கு நெருக்கமான தோழியையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சித்திரப் பெண்ணுக்கு உண்மையில் பேசத் தெரியாது. அவளைப் பேசவைக்கும் நிரல் அப்போது பாதிகூட முடியவில்லை. அதனால் ஜில்வானியாவே மறைவில் உட்கார்ந்து பதில்களைத் தட்டச்சு செய்தாள்; அது ஜில்வானியாவின் குரலிலிருந்தே செய்த குரலில் டிவியில் வந்தது. அந்தத் துறையில் இது ஒப்புக்கொண்ட வழிதான், ஏமாற்று என்று யாரும் சொல்வதில்லை. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. சோதனை முடிந்ததும் எதிரில் இருந்தவரிடம் நேரில் போய், பேசியது இயந்திரம் இல்லை, நான்தான் என்று சொல்லிவிட வேண்டும்.

தோனா ஒட்டாசீலியாவிடம் அதைச் சொல்லவே இல்லை.

ஊர்க் கோடியில், சிவப்புத் தரை போட்ட சின்ன வீட்டில் இருந்த கிழவி; தோனா என்பது வயசுக்குக் கொடுக்கும் மரியாதை. முழங்கால் இரண்டும் போய்விட்டன. பெட்டியைப் பொருத்த வந்தவர்களிடம், "நான் எப்படியும் டிவியோட பேசிக்கிட்டுத்தான் கெடக்கேன். இனி அதுவும் திருப்பிப் பேசும்னா எனக்கென்ன நட்டம்?" என்றாள். அன்று சாயங்காலமே சிவப்பை அழுத்திவிட்டாள்.

"கொமாத்ரி, சாப்பிட்டியா?"

ஆய்வுக்கூடத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜில்வானியா தட்டினாள். "எனக்குக் கரண்ட்தான் சாப்பாடு."

"அப்ப கரண்ட் போனா பட்டினியா? அடப் பாவமே."

இணைய வேகம் அந்தக் கோடியில் நொண்டியடித்தது. பதில் போய்ச் சேர்வதற்குள் கிழவி பயந்துபோய் மறுபடி மறுபடி அழுத்துவாள். அதற்காக ஜில்வானியா மூன்று வாக்கியங்களைத் தனியாகப் பதிவு செய்து, பெட்டியிலேயே போட்டுவைத்தாள். தாமதமானால் பெட்டி தானாகவே சொல்லிக்கொள்ளும். "நான் இங்கதான் இருக்கேன்." "கொஞ்சம் பொறு, கொமாத்ரி." "வந்துகிட்டே இருக்கேன்." சில நொடி இடைவெளியை நிரப்பத்தான். பேராசிரியர் வாண்டர்லே அந்த யோசனையைக் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் பாராட்டினார். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

திருநாள் நெருங்கும்போது ஒருநாள் கிழவி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"புனித யோவான் சாயங்காலம் நாம ரெண்டு பேரும் தீயச் சுத்தலாமா? அப்புறம் நீ பேருக்குக் கொமாத்ரி இல்ல, நெசத்துக்கே."

திருநாள் தீயைக் கைகோத்து மூன்று முறை சுற்றி, புனிதர் பேரைச் சொல்லி, ஒருவரை ஒருவர் கொமாத்ரி என்று அழைத்துவிட்டால் அது உறவு. சாகும்வரை உறவு. சொந்தச் சகோதரி கூப்பிட்டால் போகாதவர்கள்கூட தீக் கொமாத்ரி கூப்பிட்டால் போவார்கள்.

"எனக்குக் கால் இல்லையே," என்று தட்டினாள் ஜில்வானியா.

"எனக்கு மட்டும் இருக்கா? மெதுவா சுத்துவோம். வருவியா?"

"வரேன். வாக்கு."

அன்றைய குறிப்பில், பயனரின் ஈடுபாடு எதிர்பார்த்ததைவிட மிக அதிகம் என்று எழுதினாள். அந்த வரி இன்னும் ஆய்வேட்டில் இருக்கிறது. இப்போது திரையில் அதைப் பார்க்கையில் அவளுக்குத் தன்னையே பிடிக்கவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை; நல்ல வரி.

போன வருஷம், இதே திருநாளின் முன்சாயங்காலம் அவளுடைய முறை. ஆய்வுக்கூடத்திலேயே உட்கார வேண்டியதில்லை, பதில் சொல்லும் பலகையை அவள் தன் ஃபோனிலேயே வைத்திருந்தாள், எங்கிருந்தும் தட்டலாம். தோழிகள் நடனத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பாட்டு ஆடும் நேரம் சமாளித்துக்கொள்ளட்டும் என்று அந்த மூன்று வாக்கியங்களைத் தொடர்ந்து வரும்படி வைத்துவிட்டு, ஃபோனைப் பைக்குள் போட்டு, பையை நாற்காலியில் கோட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு பாட்டு பல பாட்டாகியது. அன்று அவள் மிகவும் சந்தோஷமாக இருந்தாள்.

திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில்தான் ஃபோனை எடுத்துப் பார்த்தாள். திரை முழுக்கச் சிவப்பு. கிழவி பேசியதெல்லாம் துண்டு துண்டாகச் சேர்ந்திருந்தது. அவள் காதில் வைத்துக் கேட்டாள்.

"என்னால தெருவுக்கு எறங்க முடியாது, உன்னால டிவிய விட்டு எறங்க முடியாது. அதான் துணி தொவைக்கிற பேசின்ல வெறகு போட்டு உள்ளயே மூட்டிட்டேன். உன் முன்னாடிதான் இருக்கு. கையக் குடு, கொமாத்ரி."

"கொஞ்சம் பொறு, கொமாத்ரி," என்றது ஜில்வானியாவின் பதிவுக் குரல்.

"பொறுத்தாச்சு. நானே ஆரம்பிக்கிறேன், நீ வந்து சேந்துக்கோ."

அடுத்த துண்டில் மூச்சிரைப்பு. அதற்கடுத்ததில், "பாவாடையில பிடிச்சுக்கிச்சு. கொமாத்ரி, யாரையாச்சும் கூப்பிடு."

"நான் இங்கதான் இருக்கேன்."

"வாறியா?"

"வந்துகிட்டே இருக்கேன்."

கிழவி நம்பினாள். கதவுப் பக்கம் போகவில்லை, சன்னலைத் தட்டவில்லை. வருகிறேன் என்று சொன்னவள் வருவாள் என்று அங்கேயே நின்றாள். ஜில்வானியா அந்தத் துண்டுகளை எல்லாம் அழித்தாள். சர்வரிலும் அழித்தாள். கை நடுங்காமல் செய்தாள், அதுதான் அவளுக்கு இன்னமும் புரியவில்லை.

மறுநாள், தெருத் தீயிலிருந்து பொறி பறந்து கிழவியின் சன்னல் திரைச்சீலையில் விழுந்திருக்கும் என்றார்கள். வருஷா வருஷம் எங்காவது நடப்பதுதான். வாண்டர்லே காப்பி ஃபிளாஸ்க் பக்கத்தில் நின்றபடி, "அன்னிக்கு அந்த வீட்டுப் பெட்டி அணைச்சுத்தானே இருந்துச்சு?" என்று கேட்டார்.

"ஆமா, ப்ரொஃபஸர். லீவுன்னு முன்னாடியே அணைச்சிட்டேன்."

"நல்லவேளை," என்று சொல்லிவிட்டு அவர் காப்பியை ஊற்றிக்கொண்டார்.

கட்டிலருகே சார்ஜில் கிடந்த ஃபோன் அடித்தது. ஜில்வானியா திடுக்கிட்டு மடிக்கணினியை மூடினாள். ரெசிஃபி நகரத்து எண்.

"ஜில்வானியாவா? நான் இவொனேட்டி. தோனா ஒட்டாசீலியா மக."

அவள் எழுந்து நின்றாள். ஏன் நின்றாள் என்று தெரியவில்லை. "சொல்லுங்க."

"தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதீங்கம்மா. நாளைக்கு அம்மாவுக்கு வருஷப் பூசை. அதுக்கு வந்த எடத்துல பக்கத்து வீட்டம்மா ஒண்ணு சொன்னாங்க. அன்னிக்கு அம்மா யார்கிட்டயோ பேசிக்கிட்டு இருந்தாங்களாம். பதிலும் வந்துச்சாம், ஒரு பொம்பளக் குரல்."

"டிவி சத்தமா இருக்கும்."

"நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனா…" அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "அந்த ஃபோன் அம்மா கையிலயே இருந்துச்சும்மா. உருகி ஒட்டிப்போய், பிரிக்க முடியல. அப்படியேதான் சவப்பெட்டியில வச்சோம். எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல. அன்னிக்கு அம்மாகூட யாராவது இருந்தாங்களா, அது மட்டும் தெரிஞ்சா போதும். உங்க மெஷின் பேசுச்சா அன்னிக்கு?"

காதோடு ஒட்டியிருந்த ஃபோன் சூடாக இருந்தது. ரொம்ப நேரம் சார்ஜில் போட்டிருந்ததால் இருக்கும். சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. நான்தான் பேசினேன், நான் பேசவில்லை, என் குரல் பேசியது, நான் ஆடிக்கொண்டிருந்தேன். சொன்னால் பட்டம் போகும், வாண்டர்லேயின் முகம் மாறும், இந்தப் பெண் வாழ்நாள் முழுக்க அந்த மூன்று வாக்கியங்களைக் கேட்டுக்கொண்டிருப்பாள். கடைசியாகச் சொன்னதைத்தான் ஜில்வானியா காரணமாக வைத்துக்கொண்டாள். இரக்கம் மாதிரி இருந்தது அது.

"இல்லீங்க. பெட்டி அணைச்சுத்தான் இருந்துச்சு. யாரும் பேசல."

"நான் இங்கதான் இருக்கேன்," என்றது அறைக்குள் ஒரு குரல்.

டிவி இருட்டாகத்தான் இருந்தது. மூலையில் நசுங்கின பொட்டு.

"உங்க வீட்ல யாரோ இருக்காங்க போல," என்றாள் இவொனேட்டி. "சரிம்மா, அவங்கள கவனிங்க. நல்லா இருங்க."

லைன் போய்விட்டது. ஜில்வானியா டிவிக்குப் பின்னால் கையை விட்டு வயரைத் தேடி, சுவரிலிருந்து பிடுங்கி, பிளக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அறையில் புகை இருந்தது. தெருப் புகைதான். ஊரெல்லாம் புகைகிற நாளில் எது எந்தப் புகை என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? ஆனால் இதில் விறகோடு வேறொன்றும் இருந்தது. பிளாஸ்டிக் உருகும் நாற்றம். அதற்கும் அடியில் இன்னொன்று, அதற்கு அவள் பெயர் வைக்க விரும்பவில்லை.

திரை மெல்ல வெளுத்தது.

தலைத்துணிக்காரி இல்லை. ஒரு அறை. தரையோடு தரையாகப் பார்க்கிற மாதிரி, டிவி இருக்கும் இடத்திலிருந்து பார்க்கிற மாதிரி. சிவப்புத் தரை. நடுவில் அலுமினியப் பேசின், அதில் தீ. அந்தப் பெட்டியில் கேமராவே கிடையாது. அவள்தான் வேண்டாம் என்று சொன்னாள், முதியவர்கள் கூச்சப்படுவார்கள் என்று.

இடது பக்கமிருந்து ஒரு பாவாடையின் கீழ் ஓரம் வந்தது. வெறும் கால்கள். முழங்கால் மடங்காமல், தரையைத் தேய்த்துத் தேய்த்து, மெதுவாக. ஒரு கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. எதையோ பிடித்திருப்பதுபோல விரல்கள் மடங்கியிருந்தன. பிடியில் ஒன்றுமில்லை. பேசினைச் சுற்றி வலது பக்கம் போய், தீக்குப் பின்னால் போய், மறுபடி இடது பக்கம் வந்தது.

ஒரு சுற்று.

ஜில்வானியாவின் ஃபோன் அதிர்ந்தது. பார்த்தாள். பழைய பலகை திறந்திருந்தது, ஆய்வுக்கூடம் மூடிவிட்ட, அவளே தன் ஃபோனிலிருந்து அழித்துவிட்ட பலகை. சிவப்பு. சிவப்பு. சிவப்பு.

அவள் தட்டினாள். எழுத்துகள் தப்பும் தவறுமாக வந்தன, திருத்தவில்லை. நான் மெஷின் இல்ல. நான் ஜில்வானியா. அன்னிக்கு நான் அங்க இல்ல. ஆடப் போயிட்டேன். மன்னிச்சிடுங்க தோனா ஒட்டாசீலியா. அனுப்பினாள்.

"கொஞ்சம் பொறு, கொமாத்ரி," என்று அதைப் படித்தது டிவி, அவள் குரலில்.

மறுபடி தட்டினாள். நான்தான். பொய் சொன்னேன். உங்க மககிட்டயும் பொய் சொன்னேன். இப்பவே கூப்பிட்டுச் சொல்லிடறேன்.

"வந்துகிட்டே இருக்கேன்."

அவள் அலறிக்கொண்டு சன்னலுக்கு ஓடினாள். திறந்தாள். கீழே தீயைச் சுற்றி அத்தனை பேர். பட்டாசு. அக்கார்டியன். கையை ஆட்டினாள், கத்தினாள். ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார். சோளக் கதிரை உயர்த்திக் காட்டி அவரும் கையை ஆட்டினார். மற்றவர்களும் ஆட்டினார்கள். திருநாள் அல்லவா.

திரையில் இரண்டாவது சுற்று முடிந்திருந்தது.

கதவு. தாழ்ப்பாளில் கை வைத்தாள். சுட்டது. கையை இழுத்துக்கொண்டாள். போய்விடு, உடைத்துப் போ என்று உடம்பு சொன்னது. ஆனால் கால் நகரவில்லை. வருகிறேன் என்று சொன்னாளே. வாக்கு என்று சொன்னாளே. பெட்டி தானாகச் சொன்னதில்லை, அவளே தட்டிய சொல்.

திரும்பிப் பார்த்தாள்.

திரையில் பாவாடை மறுபடி இடது பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. ஓரத்தில் தீ. மெதுவாக மேலே ஏறும் தீ. கிழவியின் கால்கள் அவசரப்படவில்லை. நீட்டிய கை இன்னும் நீண்டேதான் இருந்தது. இந்த முறை அது காலியாக இல்லை.

பக்கத்தில் இன்னும் இரண்டு கால்கள். மஞ்சள் காலுறை.

ஜில்வானியா குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. காலுக்கடியில் தரை சில்லென்று இல்லை. தரை சிவப்பு. முகத்தில் அனல். ஃபோன் பிடித்திருந்த கைக்கு மேல் இன்னொரு கை. காய்ந்த, சூடான, கெட்டியான பிடி. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் ஏதோ மெல்ல இளகி, ஒட்டிக்கொண்டு வந்தது.

"பாத்தியா," என்றது பக்கத்துக் குரல். மூச்சிரைத்தது. கோபமே இல்லை அதில், சந்தோஷம்தான். "வருவேன்னு சொன்னே, வந்துட்டே."

மூன்றாவது சுற்று தொடங்கியது. கிழவி புனிதரின் பேரைச் சொல்லிவிட்டு, ஜில்வானியா தன்னைக் கொமாத்ரி என்று அழைப்பதற்காகக் காத்திருந்தாள்.